ஓடும்போது வரும் மயக்கம்: இளம் வீரர்களின் திடீர் இதய மரணமும் முன்னறிகுறிகளும்

வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஓர் இளைஞன் திடீரென இறந்துவிட்டான் என்று செய்தி வந்தால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "எந்த ஆலையில்?" என்ற கேள்விதான். பட்டாசு வெடிவிபத்துகள் ஏற்படுத்திய பழக்கம் அது. உராய்வா, வெயிலா, மருந்துக் கலவையில் பிழையா என்று அந்த மரணங்களுக்குக் காரணம் தேட விதிகள் உண்டு, விசாரணை உண்டு. அதே ஊர்களில்தான் விடியுமுன் சாலையோரம் இளைஞர்கள் ஓடிப் பழகுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளிக் கபடி நடக்கிறது. அந்த ஓட்டத்திலோ அந்தக் களத்திலோ ஒருவர் சரிந்து இறந்தால் மட்டும், "ஹார்ட் அட்டாக்காம்" என்ற பேச்சோடு காரணம் தேடுவது நின்றுவிடுகிறது.

இத்தகைய மரணங்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், பாடிப் போன இடத்தில் பிடிபட்டு விழுந்து, களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். 2023 ஜூலையில் மதுரையில் நடந்த மாரத்தானில் ஓடி முடித்த பொறியியல் மாணவர் ஒருவர், சற்று நேரத்தில் வலிப்பு வந்து அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலக் கலால் காவலர் தேர்வின் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள். இவை எல்லாம் இதய நோயால் நேர்ந்தவை என்று சொல்ல முடியாது. மார்பில் பட்ட அடி, வெப்ப வாதை, நீரிழப்பு எல்லாம் இளைஞரைக் கொல்லக்கூடியவை. எது என்று பிரித்தறியும் ஏற்பாடு நம்மிடம் பலவீனமாக இருக்கிறது என்பதுதான் இந்தச் சம்பவங்கள் சேர்ந்து காட்டும் செய்தி.

இளம் வீரரின் இதயம் நிற்பதற்கு முன் ஏதேனும் சொல்கிறதா? சொன்னால், அதை எவ்வளவு நம்பலாம்? பெரிய மருத்துவமனை அருகில் இல்லாத ஒரு வட்டாரம் அதைக் கொண்டு என்ன செய்ய முடியும்? இந்த மூன்று கேள்விகளையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

அடைப்பு வேறு, துடிப்புக் கோளாறு வேறு

நடுவயதினருக்கு வரும் மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. தசைக்கு ரத்தம் போவதில்லை. 35 வயதுக்குக் கீழுள்ள வீரர்களிடம் பெரும்பாலும் நடப்பது அதுவன்று. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் ஒரு நொடியில் குலைந்து, கீழறைகள் துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்குகின்றன. ரத்தம் வெளியேறுவது நின்று, சில நொடிகளில் நினைவு தப்புகிறது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கப்படும் மாத்திரைகள் மாரடைப்புக்கு உரியவை. மின்னோட்டம் குலைந்து விழுந்தவருக்கு வேண்டியவை மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும்.

மின்னோட்டம் ஏன் குலைகிறது? 1996-இல் பேரி மேரன் குழு அமெரிக்காவில் திடீரென இறந்த 158 இளம் போட்டியாளர்களை ஆராய்ந்தது. அவர்களில் 134 பேரின் மரணத்துக்கு இதயமே காரணம். அந்த 134 பேரில் 36 விழுக்காட்டினருக்கு இதயத் தசை அளவு மீறித் தடிக்கும் பரம்பரை நோய் இருந்தது. மருத்துவர்கள் இதை ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்பார்கள். 2003 ஜூன் 26-ஆம் தேதி பிரான்ஸின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியில் விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கும் பிரேதப் பரிசோதனையில் இதுவே தெரிந்தது. இதயத்தின் சொந்த ரத்தக்குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்புவது, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசை அழற்சி, வலது கீழறைத் தசை கொழுப்பாக மாறுவது, மார்ஃபான் நோயில் மகாதமனி கிழிவது ஆகியவை மற்ற காரணங்கள்.

பிரிட்டனில் 357 வீரர்களின் மரணங்களை ஆராய்ந்து 2016-இல் வந்த ஆய்வு படத்தைச் சற்று மாற்றியது. 42 விழுக்காட்டினரின் இதயத்தில் கண்ணுக்குத் தெரியும் பழுது எதுவும் இல்லை. நீண்ட க்யூடி, புருகாடா போன்ற மின்னோட்டக் கோளாறுகள் இறந்தபின் தடயம் விடுவதில்லை. உயிரோடு இருக்கும்போது எடுத்த ஈசிஜியோ, மரபணுச் சோதனையோதான் அவற்றைக் காட்டும்.

இந்த மண்ணுக்கே உரிய சில காரணிகள்

வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. 2009-இல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் அதில் பங்கேற்றவர்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். இதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு இளமையில் தொல்லை வருவதில்லை. நடுவயதுக்குப் பிறகுதான் தசை தளர்கிறது. ஆனாலும் வீட்டில் யாருக்காவது இதயம் வீங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஓடப்போகும் பிள்ளை அதை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது சொந்தத்தில் திருமணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும் சில நோய்கள் இத்தகைய குடும்பங்களில் கூடுதலாகத் தென்படும். பிறவியிலேயே காது கேளாமையும் நீண்ட க்யூடியும் சேர்ந்து வரும் ஜெர்வெல்–லாங்கே நீல்சன் நோய் அவற்றில் ஒன்று. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை விளையாடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால், அதற்கு உடனே ஒரு ஈசிஜி எடுக்க வேண்டியது அதனால்தான். தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் நோயும் மேலைநாட்டுப் பட்டியலில் கீழே கிடக்கும். இந்தியாவில் அது இன்னும் மறையவில்லை.

பட்டாசுத் தொழிலையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும். பச்சை ஒளிக்குப் பயன்பட்ட பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. உடலுக்குள் பேரியம் அதிகமாகச் சென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு குலையும் என்பது நச்சியல் பாடம். ஆலை வேலையே இளைஞர் இதயத்தை நிறுத்துகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. படபடப்பு, தசைத் தளர்ச்சி என்று வரும் இளைஞரிடம் "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்கவும், பொட்டாசியம் பார்க்கவும் இது போதுமான காரணம். எடைப் பிரிவுக் கபடிக்காகப் பட்டினி கிடந்து, வேர்வை வடித்து எடை குறைப்பவர்களுக்கும் இதே உப்புக் குறைவு ஏற்படலாம்.

அறிகுறிகளும் அவற்றுக்கு நாம் சொல்லும் காரணங்களும்

முதன்மையான அறிகுறி, உடல் உழைப்பின் நடுவே வரும் மயக்கம். எல்லா மயக்கமும் ஒன்றல்ல. பள்ளிப் பிரேயரில் வெயிலில் வெகுநேரம் நின்ற மாணவி கண் இருட்டி, வேர்த்து, மெல்லச் சரிவது பெரும்பாலும் ஆபத்தற்றது. ஓடி முடித்துச் சட்டென நின்றவுடன் காலில் ரத்தம் தேங்கித் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அப்படித்தான். ஓட்டத்தின் உச்சத்தில், எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல், கையை ஊன்றக்கூட நேரமின்றி முகம் அடிபட விழுவது வேறு வகை. அப்படி விழுந்தவர் ஒரு நிமிடத்தில் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாலும் அதை இதயத்தின் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். ஆனால் களத்தில் கேட்கும் விளக்கம், "காலையில ஒண்ணும் சாப்பிடாம ஓடினான்" அல்லது "சூடு பிடிச்சிருச்சு". குளுக்கோஸ் கொடுத்து அடுத்த ஆட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, வலிப்பு போலத் தோன்றும் வெட்டு. இதயம் சில நொடி நின்றால் மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் வெட்டி இழுக்கும். அதைப் பார்த்தவர்கள் வலிப்பு என்பார்கள். வலிப்பு மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் ஓடும். விளையாடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிட்டபோதோ மட்டும் வலிப்பு வருகிறது என்றால், நரம்பு மருத்துவரிடம் போவதோடு ஈசிஜியும் எடுத்தாக வேண்டும்.

இந்தத் திடுக்கிடல் சிவகாசி வட்டாரத்துக்குத் தனிப் பொருள் உடையது. நீண்ட க்யூடி நோயின் ஒரு வகையை உழைப்பு, குறிப்பாக நீச்சல், தூண்டும். இன்னொரு வகையை அலாரம், தொலைபேசி மணி போன்ற திடீர் ஓசை தூண்டும். பட்டாசுக்குச் சட்டம் அனுமதிக்கும் ஒலியே வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை போகலாம். வெடிச்சத்தம் கேட்டு மயங்கி விழும் பிள்ளையைப் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்வதும், கோயிலில் மந்திரிப்பதும் வழக்கம். நன்றாக நீந்தத் தெரிந்தவன் கிணற்றிலோ கண்மாயிலோ காரணமின்றி மூழ்கினால், முனி அடித்துவிட்டது என்று பேசுவதும் உண்டு. அந்த வீட்டில் மற்ற பிள்ளைகளின் ஈசிஜியைப் பார்ப்பதுதான் அடுத்து நடக்க வேண்டியது.

மூன்றாவது, உழைப்பின்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ. ஓடினால் வந்து, நின்றால் போகும் வலியை வாய்வு என்று ஒதுக்கக்கூடாது. ரத்தக்குழாய் தவறான இடத்தில் பிறந்தவர்களுக்கு இதுவே ஒரே எச்சரிக்கையாக இருக்கலாம். நான்காவது, உழைப்புக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு. போன மாதம் வரை முன்னால் ஓடியவன் இன்று பின்தங்கினால், "தம் இல்ல, சோம்பேறி ஆயிட்டான்" என்று பயிற்சியாளர் கடிந்துகொள்வதற்கு முன் காய்ச்சல் வந்ததா என்று கேட்க வேண்டும். தசை அழற்சி அப்படித்தான் தொடங்கும். அது உறுதியானவர்கள் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை களம் இறங்கக்கூடாது. ஐந்தாவது, ஓட்டத்தில் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் படபடப்பு.

கடைசியாக, வீரருக்கு ஒரு தொல்லையும் இல்லாமல் குடும்பத்தில் மட்டும் இருக்கும் அறிகுறி. 50 வயதுக்குள் திடீர் மரணம், காரணம் தெரியாத மூழ்கல், தூக்கத்திலேயே இறந்த சித்தப்பா, ஓட்டிக்கொண்டிருந்த வண்டி காரணமின்றிக் கவிழ்ந்து இறந்த மாமா. இவற்றை எந்த ஸ்கேனும் சொல்லாது. பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

அறிகுறிகளை எவ்வளவு நம்பலாம்?

மேரன் குழு ஆராய்ந்த 134 பேரில், இறப்பதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அறிகுறி இருந்ததாகப் பதிவானவர்கள் 18 விழுக்காடு மட்டுமே. அந்த 134 பேரில் 115 பேர் விளையாட்டுக்கு முந்தைய வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தும், கொன்ற நோயை முன்கூட்டியே சரியாகக் கண்டுபிடித்தது ஒரே ஒருவரிடம்தான். ஆக, பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியே கடைசியாக இருந்திருக்கிறது. அல்லது அறிகுறி இருந்தும் யாரும் கேட்கவில்லை.

அறிகுறி தெரிந்தும் தவறவிட்ட கதையும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹாங்க் கேதர்ஸ் 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். துடிப்புக் கோளாறு கண்டறியப்பட்டு மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து தன் ஆட்டத்தைத் தளர்த்துகிறது என்று அவர் முறையிட, அளவு குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4 அன்று களத்தில் சரிந்து இறந்தார். மறுபக்கம், 2021 ஜூன் 12-இல் கோபன்ஹேகனில் விழுந்து பிழைத்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், லண்டன் அணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் நடந்த சோதனைகளில் தேறியவர். அறிகுறி இருந்தால் ஒருபோதும் புறக்கணிக்கக்கூடாது. அறிகுறி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் ஈசிஜி: நாடுகள் சொல்லும் விடைகள்

இத்தாலி 1982-இல் போட்டி வீரர்கள் எல்லோருக்கும் ஈசிஜியோடு கூடிய சோதனையைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் 1979–80-இல் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 ஆக இருந்த வீரர் மரணம், 2003–04-இல் 0.4 ஆகக் குறைந்ததாக 2006-இல் கொராடோ குழு அறிவித்தது. இஸ்ரேலும் 1997 முதல் கட்டாயமாக்கியது. ஆனால் 2011-இல் வெளியான அந்நாட்டு ஆய்வில் மரணவிகிதம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஜப்பான் வீரர்களைத் தனியே பிரிக்கவில்லை; 1995 முதல் தொடக்க, நடு, உயர்நிலைப் பள்ளிகளின் முதல் வகுப்பில் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுக்கிறது. அமெரிக்க இதயச் சங்கமோ ஈசிஜியைக் கட்டாயமாக்காமல், 14 அம்சங்கள் கொண்ட கேள்வியும் உடற்பரிசோதனையும் போதும் என்கிறது.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் அனுபவம் இந்த வாதத்தின் இரு பக்கத்தையும் காட்டுகிறது. 1996 முதல் 2016 வரை 11,168 பதின்வயது வீரர்களை ஈசிஜி, எக்கோ இரண்டாலும் சோதித்தார்கள். 42 பேரிடம் உயிரைப் பறிக்கக்கூடிய கோளாறு தெரிந்தது. பின்னாளில் இதயக் காரணத்தால் திடீரென இறந்தவர்கள் 8 பேர். அவர்களில் 6 பேர் சோதனையில் தேறியவர்கள்.

தமிழகக் கிராமத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஈசிஜி எடுத்தால், பயிற்சியால் இயல்பாகவே மாறிய இதயத்தையும் நோய் என்று தவறாகப் படிக்கும் அபாயம் உண்டு. வீரரின் ஈசிஜியைப் படிக்கத் தெரிந்த மருத்துவர் இல்லாமல் கருவி மட்டும் வாங்கினால், நல்ல பிள்ளைகள் களத்தை விட்டு விலக்கப்படுவார்கள். எனவே எல்லோரிடமும் கேள்வி, சந்தேகம் உள்ளவர்களுக்கு ஈசிஜி, அதிலும் ஐயம் இருந்தால் எக்கோ என்ற படிவரிசையே இங்கே பொருந்தும். சிவகாசி, சாத்தூர் அரசு மருத்துவமனைகளும், 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கும்போது இது எட்டாத காரியமன்று. 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே சோதிக்கும் தேசிய சிறார் நலத்திட்டமும் 2013 முதல் நடக்கிறது. அதில் வீரர்களுக்கென ஒரு பக்கக் கேள்வித்தாளைச் சேர்த்தால் போதும்.

விழுந்தபின் கிடைக்கும் நிமிடங்கள்

சோதனையில் தப்புபவர்கள் இருப்பதால், களத்தில் தயாராக இருப்பதே கடைசி அரண். 2012 மார்ச் 17 அன்று லண்டனில் கால்பந்து வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தார். பார்வையாளர் வரிசையில் இருந்த இதய மருத்துவர் ஒருவர் இறங்கி வந்தார். களத்திலேயே சிகிச்சை தொடங்கியது. 78 நிமிடம் நின்ற இதயம் மீண்டும் துடித்தது. நான்கு நாள் கழித்து, மார்ச் 21 அன்று, பெங்களூரு மார்ஸ் கால்பந்து அணியின் வெங்கடேஷ் பெங்களூரு மைதானத்தில் விழுந்தார். ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. இருவர் நோயும் ஒன்றா என்பது வேறு விஷயம். ஒருவருக்குக் கிடைத்த நிமிடங்கள் மற்றவருக்குக் கிடைக்கவில்லை. மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

நம் களங்களில் அந்த நிமிடங்கள் போகும் வழி தெரிந்ததே. வெட்டி இழுக்கிறது என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் சோடா ஊற்றுவார்கள். இடையிடையே இழுக்கும் மூச்சைப் பார்த்து, "மூச்சு இருக்கு" என்று காத்திருப்பார்கள். அந்த இழுப்பு மூச்சன்று; இதயம் நின்றதன் அடையாளம். கூப்பிட்டு அசைவில்லை, சீரான மூச்சில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, 5 செண்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் அழுத்தம் மட்டுமே உயிர்காக்கும். நெஞ்சில் முழங்கால் மோதியோ, கிரிக்கெட் பந்து பட்டோ விழுந்தவருக்கும் இதுவே. துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் அடி விழுந்தால், நோயற்ற இதயமும் நின்றுவிடும்.

இறந்தபின்னும் கேட்க வேண்டியவை

திடீர் மரணம் காவல்துறை விசாரணைக்குரியது. பிரேதப் பரிசோதனையில் இதயத்தைத் திசுச் சோதனைக்கு அனுப்புவதும், குடும்பத்தினரை இதய மருத்துவரிடம் அனுப்புவதும் வழக்கமானால் அடுத்த மரணத்தைத் தடுக்கலாம். 1986 ஜனவரியில் ஜப்பானில் களத்தருகே இறந்த அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமனுக்கு மார்ஃபான் நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதனால் அவருடைய சகோதரர் சோதிக்கப்பட்டு அறுவை சிகிச்சையும் பெற்றார்.

இளைஞர் மரணங்களுக்குத் தடுப்பூசியைக் காரணம் காட்டும் பேச்சுக்கும் விடை உண்டு. 18 முதல் 45 வயது வரையுள்ளோரின் விளக்கமற்ற திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்த ஐசிஎம்ஆர், 2023-இல் முடிவை வெளியிட்டது. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவால் மருத்துவமனையில் இருந்தது, மரணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிக் குடித்தது அல்லது கடுமையாக உழைத்தது ஆகியவை ஆபத்தோடு தொடர்புடையவை; தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை.

வெம்பக்கோட்டைக்கு ஒரு நடைமுறை

இந்த மரணங்கள் அரிது. இங்கிலாந்துப் பதின்வயது வீரர்களிடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேரில் ஒருவர். அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடம் 53,700 பேரில் ஒருவர். இதைக் காட்டிப் பிள்ளைகளை ஓடாதே என்று தடுப்பது தவறு; ஓடாத உடல் பின்னாளில் பெரிய விலை கொடுக்கும். செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம். உடற்கல்வி ஆசிரியரும் காவலர் தேர்வுப் பயிற்சி மையமும் ஆண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாள் நிரப்பட்டும். போட்டிக் குழுவில் மார்பழுத்தம் பழகிய இருவர் கட்டாயம் இருக்கட்டும். 2024-இல் ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணங்கள் வழங்கத் தொடங்கியது. ஒன்றியத்துக்கு ஒன்றேனும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி அதைத் தொடரட்டும். காய்ச்சலோடு ஓடுவதும், மெடிக்கல் கடையில் தானே மருந்து வாங்கித் தின்று களமிறங்குவதும் நிற்கட்டும். சில ஆன்டிபயாடிக்குகளும் வாந்தி மாத்திரைகளும் ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டித் துடிப்பைக் குலைக்கக்கூடியவை.

இவற்றுக்கெல்லாம் முன் ஒரே ஒரு விதியைப் போட்டி அறிவிப்பு நோட்டீஸிலேயே அச்சடித்துவிடலாம்: ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தவர், ஈசிஜி எடுத்து மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் மீண்டும் களத்தில் இறங்கக்கூடாது. நுழைவுக் கட்டணமும் எடைப் பிரிவும் தவறாமல் அச்சாகும் அந்தத் தாளில் இதற்கு ஒரு வரி இடம் நிச்சயம் இருக்கும்.